இருபது, பன்னிரண்டு, பதினாறு: ஒரு வயர் தகராறு

1

அன்று கூடத்தில் இருந்தவர்கள்: மச்சான். அவர் மனைவி, அதாவது என் அக்கா. நான். மேசைமேல் மச்சானின் வண்டி. ரிமோட்டில் ஓடும், பாறை ஏறுவதற்கென்றே செய்த பொம்மை ஜீப், இரண்டு கிலோ. பொம்மை என்று எழுதியது அவருக்குத் தெரிந்தால் தொலைந்தேன்.

இந்தக் கதை பிறந்த காரணத்தை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். கலை ஆர்வமெல்லாம் இல்லை. மச்சானிடம் வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். "நீ சொன்னா அவர் காதுல ஏறாதுடா. எழுதிக் குடு, நான் படிச்சுக் காட்டுறேன்," என்றாள் அக்கா. ஆக, தோற்றுப்போன ஒரு வாதத்தின் மேல்முறையீடு இது. நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம்.

2

முதல் தொடக்கம்: "மின்சாரம் தண்ணீர் போன்றது, வயர் குழாய் போன்ற" [வேண்டாம். பள்ளிக்கூட வாடை.]

இரண்டாம் தொடக்கம்: "இருபத்திரண்டு வருடம் லாரி ஓட்டிய கைகளில் இன்று ஒரு சின்ன" [வேண்டாம். உங்களை அழவைக்கப் பார்க்கிறேன்.]

அந்த விஷயத்தை வறட்டுத்தனமாகவே சொல்லிவிடுகிறேன். சர்க்கரை நோய் மச்சானின் கண்ணைத் தின்றது. லைசென்ஸ் போனது. பாறை வண்டியைக் கூடவே நடந்து, குனிந்து ஓட்டலாம். கைக்கெட்டும் தூரம் அவருக்கு இன்னும் தெரியும். மாதம் ஒரு ஞாயிறு, ஊருக்கு வெளியே கல்மேட்டில் இதற்கென்று ஒரு கூட்டம் கூடும். போன மாதம் நடுப்பாறையில் சக்கரம் சிக்கி, வயர் உருகி, அவர் வண்டி புகை விட்டது. சுற்றிலும் காய்ந்த புல். கூட்டத்தை நடத்துபவர் சொல்லிவிட்டார்: "அண்ணே, இன்னொரு தடவை புகை வந்துச்சுன்னா, நீங்க வேடிக்கை பாக்க மட்டும் வாங்க."

நாளை அந்த ஞாயிறு. அவருக்கு ஓட்ட மிச்சமிருப்பது இது ஒன்றுதான்.

3

புகைக்குப் பிறகு, கடையில் இருந்ததிலேயே தடித்த வயரை வாங்கி வந்தார் மச்சான். பன்னிரண்டாம் நம்பர். (வயரில் நம்பர் குறையக் குறையத் தடிமன் கூடும். ஏனென்று என்னைக் கேட்காதீர்கள். வயர் கட்டும் தொழிற்சாலையில் எட்டு மாதம் நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு ஓடிவந்தவன் நான். எனக்கும் யாரும் சொல்லவில்லை.) பற்றவைத்தது நான்தான். ஈயம் வைக்கும் முனை அவர் கண்ணுக்குப் பிடிபடாது.

சனி மதியம் கூடத்துத் தரையில் கல் அடுக்கி ஓட்டிப் பார்த்தோம். இந்த வண்டியில் மோட்டார் அச்சின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அச்சு கல்லுக்குக் கல் சாயும்போது வயரும் கூடவே வளைய வேண்டும். பென்சில் கனத்தில் இருப்பது எங்கே வளையும்? முன்சக்கரம் ஒன்று அந்தரத்தில் நின்றது.

"என்னங்க, உங்க வண்டி கம்பத்தைப் பாத்த நாய் மாதிரி காலைத் தூக்கிட்டு நிக்குது," என்றாள் அக்கா.

"ஸ்பிரிங் டைட்டா இருக்கு," என்றார் மச்சான்.

ஸ்பிரிங்கை மாற்றினேன். காலைத் தூக்கியது. டயர் கெட்டி என்றார். டயரை மாற்றினேன். தூக்கியது. கல்லே கோணல் என்றார். கல்லையும் மாற்றினேன். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு மோட்டாரிலிருந்து இரண்டு வயரையும் கழற்றினேன். சக்கரம் தானாக இறங்கிக் கல்லில் உட்கார்ந்தது.

"பாத்தீங்களா மச்சான்?"

"பாத்தேன் மாப்ள. ஸ்பிரிங்தான்."

[இங்கே மூன்று பக்கம் திட்டி எழுதியிருந்தேன். அக்கா கிழித்துவிட்டாள்.]

"மச்சான், இது விறைப்பா நின்னு பற்றவச்ச இடத்தையே பிடுங்கும். பிடுங்கிப் பக்கத்து முனையில பட்டா மறுபடி புகைதான். பதினாறு போதும். உள்ள நூல் நூலா இருக்கு, நல்லா வளையும், சூடும் தாங்கும்." அந்தச் சுருளை நானே வாங்கி வைத்திருந்தேன்.

"பொடி வயர் பேச்சே எடுக்காத. உன் ஃபேக்டரி சார்ட்டை நம்பித்தானே போன தடவை புகைஞ்சுது?"

4

இந்த இடத்தில் என் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. மச்சானைச் செவிட்டுப் பிடிவாதக்காரராகவே எழுதிக்கொண்டு வந்திருக்கிறேன். இப்படிப்பட்ட ஒருவர் இருபத்திரண்டு வருடம் ஒரு கீறல் இல்லாமல் லாரி ஓட்டியிருப்பாரா? எழுதுகிறவன் எதையோ மறைக்கும்போதுதான் எதிராளி இவ்வளவு முட்டாளாகத் தெரிவான்.

மறைத்தது இது. உருகிய வயர் இருபதாம் நம்பர். "ஃபேக்டரி சார்ட்ல பாத்தேன் மச்சான், தாங்கும்," என்று சொன்னவன் நான். எவ்வளவு கரண்டுக்கு எந்த நம்பர் வயர் என்று போட்ட அந்தச் சார்ட்டை நான் பார்க்கவே இல்லை. வேலையை விட்டபோது கொண்டுவந்த பையின் அடியில் அந்த வயர்தான் கிடந்தது. கடைவரை நடக்கச் சோம்பல். புகைந்த மறுநாள், அதே பையில் கிடந்த சார்ட்டைப் பார்த்தேன். பதினாறு என்று இருந்தது. வாயைத் திறக்கவில்லை. எழுத்தில் இருப்பதே பொய் என்று முடிவுகட்டி, தடித்ததே கதி என்று போனார் மச்சான். ஒரு மாதமாக அவரைப் பிடிவாதக்காரர் என்று நான் ஏசிக்கொண்டிருக்கிறேன்.

5

முடிவுகள் மூன்று கைவசம் இருந்தன.

பதினாறு வைத்து உச்சிக்கு ஏறுகிறார், கைதட்டல். [சோப்பு விளம்பரம்.]

பன்னிரண்டோடு போகிறார், ஈயப்பற்று பிய்கிறது, புகை, காய்ந்த புல், கூட்டத்தில் எல்லோரும் [என்னால் எழுத முடியவில்லை.]

மூன்றாவது அக்காவுடையது. "அவர் குளிக்கப் போனதும் கமுக்கமா பதினாறை மாத்திடு. உள்ள மறைச்சு வச்சுட்டா அவருக்குத் தெரியவா போவுது?"

தெரியாதுதான். அதனாலேயே செய்யவில்லை.

6

ஞாயிறு காலை அக்கா படித்துக் காட்டினாள். நாய் வசனத்தில் நிறுத்திச் சிரித்தாள். "வண்டி ரெண்டு கிலோ இல்ல, ரெண்டே கால்," என்றார் மச்சான். நான்காம் பகுதியில் அவள் குரல் இறங்கியது. காகிதத்தைத் தாழ்த்தி என்னைப் பார்த்தாள்.

"படி," என்றார்.

முழுக்கப் படித்தாள்.

"அப்ப சார்ட் தப்பில்ல."

"இல்ல மச்சான்."

"நீதான்."

"ஆமா."

மோட்டார் நேற்று வயரைக் கழற்றியபடியே மொட்டையாக இருந்தது. சால்டரிங் அயர்னைச் சூடேற்ற எழுந்தேன்.

"நீ தொடாத."

பன்னிரண்டு ஒரு சுருள், பதினாறு ஒரு சுருள், இரண்டையும் விரலால் தடவிப் பார்த்துப் பையில் போட்டார். மேலே வண்டி, சால்டரிங் அயர்ன், ஈயம். "அங்க கண்ணு தெரிஞ்சவன் எவனாவது இருப்பான்."

"எதை வைக்கச் சொல்வீங்க?"

"அதான் கதை எழுதுறியே. நீயே எழுதிக்க."

எழுத மாட்டேன். ஏமாற்றியவன் சொன்னான் என்பதற்காகச் சரியான நம்பரை ஒருவர் வீசி எறிவாரா? நீங்களாக இருந்தால் எறிவீர்களா? அதை வைத்து முடிவு செய்துகொள்ளுங்கள். மச்சான் பையோடு வாசலுக்கு நடக்க, நான் பின்னாலேயே ஓடி நேரில் பார்த்துவிடலாம் என்று செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

கதவு சாத்திய சத்தம் கேட்டது.

"ஏங்க, நானும் உள்ளதான் இருக்கேன்!" என்று அக்கா கத்தினாள்.

வெளியே சாவி இரண்டு சுற்றுத் திரும்பியது.