பசியடக்கியும் பழைய சட்டையும்

தடால்!

மருந்துக்கடையில் கோபுரமாக அடுக்கியிருந்த பசியடக்கி மாத்திரைப் பெட்டிகள் சரிந்து விழுந்தன. அவற்றின் நடுவே, அதுவரை கவுண்டரில் நின்றிருந்த முதலாளியின் மச்சினி மயங்கிக் கிடந்தாள்.

முதலாளி பதறிக்கொண்டு ஓடினார். பெட்டி எதுவும் நசுங்கவில்லை என்று உறுதியானதும் மச்சினியைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்லீங்க, சரியாச் சாப்பிட்டிருக்க மாட்டா" என்று எதிரே நின்ற டிரைவிங் ஸ்கூல் டீச்சரிடம் இளித்தார்.

"பசி அடங்கிடுச்சோ என்னவோ!" என்ற டீச்சர், தன் பாட்டில் தண்ணீரைப் பெண்ணின் முகத்தில் தெளித்தாள்.

டீச்சரும் அந்த மாத்திரையைக் கேட்டுத்தான் வந்திருந்தாள். வேலை செய்யுமா என்ற கேள்விக்கு முதலாளி நேராகப் பதில் சொல்லவில்லை. மாத்திரையோடு வயிறு முட்டத் தண்ணீர், இரவில் பாதிச் சாப்பாடு, இனிப்பு கூடவே கூடாது, விடிந்ததும் வியர்க்க வியர்க்க நடை என்று அடுக்கினார்.

"ஏங்க, வண்டியத் தள்றது பூரா நானு. உங்க மாத்திரை ஹாரன் மட்டும் அடிக்குமா?" என்று அவள் கேட்டபோதுதான் அந்தத் 'தடால்'.

இப்படிக் குடைபவர்களுக்கென்று முதலாளி வைத்திருந்த பதில், அவர் தலைக்கு மேல் ஹேங்கரில் தொங்கியது. அவருடைய மனைவியின் பழைய சட்டை. அதற்குள் ஒரு குடும்பமே குடியிருக்கலாம். மனைவியோ இப்போது துடைப்பக்குச்சி. யாராவது சந்தேகப்பட்டால் மாடியிலிருந்து அவளைக் கூப்பிடுவார். அவள் அந்தச் சட்டைக்குள் புகுந்து, மிச்சத் துணியை இரண்டு கையாலும் விரித்துக் காட்டி, "எல்லாம் இந்த மாத்திரைதாங்க" என்பாள். டாக்டர் சீட்டும் வேண்டாம், வெட்கமும் வேண்டாம். பெட்டிகள் பறக்கும்.

இன்று கூப்பிடாமலேயே அவள் ஓடிவந்தாள். தங்கையின் தலையை மடியில் எடுத்து வைத்தாள். தங்கையின் நெஞ்சு தறிகெட்டு அடித்தது. அவள் பையிலிருந்து காலி மாத்திரை அட்டைகள் உதிர்ந்தன.

"அடிப்பாவி, இதை எதுக்குடி தின்ன?"

தங்கை மெல்லக் கண் திறந்தாள். "ஏர்ஹோஸ்டஸ் இன்டர்வியூ வருதுல்லக்கா... தூக்கம் வரல, கையெல்லாம் நடுங்குது. இடுப்பு மட்டும் அப்படியே இருக்கு. டோஸ் பத்தல போல. நாளையிலருந்து ரெட்டிப்பாப் போட்டுக்கறேன்."

"என் கார் வாசல்லதான் நிக்குது. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க மொதல்ல!" என்றாள் டீச்சர்.

"ஆஸ்பத்திரியா?" முதலாளிக்கு வியர்த்தது. "என்ன சாப்பிட்டான்னு கேப்பாங்களே!"

மனைவி அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். பிறகு தங்கையிடம் குனிந்தாள். "இனிமே இதைத் தொட்டே, கைய ஒடிச்சுடுவேன். இதுல ஒரு மண்ணும் கிடையாதுடி."

முதலாளி தொண்டையைச் செருமினார். டீச்சர் பக்கம் கண்ணைக் காட்டினார். அதுவும் பலிக்காமல், "கஸ்டமர் நிக்கிறாங்கம்மா..." என்று முனகினார்.

"ஒனக்கு மட்டும் வேலை செஞ்சுதே!" என்று தங்கை அழுதாள். "ஹாஸ்டல்லருந்து வந்தப்ப எனக்கே உன்னை அடையாளம் தெரியல. தினம் அந்தச் சட்டையைப் போட்டுக்கிட்டு நீதானக்கா சொல்ற? நான் வேற யாரை நம்புவேன்?"

அவள் கை மறுபடியும் பக்கத்தில் கிடந்த பெட்டியைத் தேடிப் போனது.

அக்கா அதைப் பிடுங்கித் தெருவில் எறிந்தாள்.

"டைஃபாய்டுல படுத்து இளைச்சேன்டி, லூசு! உனக்குப் பரீட்சைன்னு மறைச்சோம். 'இளைச்சது வீணாப் போகக் கூடாது'ன்னு உங்க மாமாதான் அந்தச் சட்டையைக் கொண்டாந்து கடையில மாட்டுனாரு!"