பொதுமக்கள் அனைவரும் வருக

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு அறிவிப்பின் கடைசி வரியில் 'பொதுமக்கள் அனைவரும் வருக' என்று அச்சடிப்பது பல்கலைக்கழகத்தின் வழக்கம். ஜெசிந்தாவின் அறிவிப்பிலும் அப்படியே அச்சடித்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குப் பொதுமக்கள் அனைவரும் வந்திருந்தார்கள்.

வராதவர் ஒருவருமில்லை என்று வாசலில் நின்ற காவலாளி சொன்னார். பிறகு அவரும் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டார். அத்தனை பேருக்கும் இடம் வேண்டுமே என்று கருத்தரங்கக் கூடம் மேற்கே நீண்டிருந்தது. கடைசி வரிசைக்கு டவுன் பஸ் போய்வந்தது.

ஜெசிந்தாவின் கணவன் இன்னாசி இருபத்தைந்து மெதுவடை வாங்கி வந்திருந்தான்.

"போதுமா ஜெசி?"

"போதும். வழக்கமா ஏழு பேர்தான் வருவாங்க."

பிரிவு அலுவலர் மதிவதனி வருகைத் தாளை மேசைமேல் வைத்தார். அதில் இரண்டு கட்டங்கள் இருந்தன. ஒன்று அறிஞர்களுக்கு. மற்றது பொதுமக்களுக்கு. பேனா ஒரு நூலால் மேசைக்காலில் கட்டப்பட்டிருந்தது.

"புரிஞ்சவங்கதான் கையெழுத்துப் போடணும். நாலு மணிக்குள்ள ரெண்டு கட்டமும் நிரம்பணும்."

"நிரம்பலைன்னா?"

"நீங்க ஆராய்ச்சி செஞ்ச ஏழு வருஷத்தையும் திரும்ப எடுத்துக்குவோம் மேடம். நீங்க சேர்ந்த தேதிக்கே போயிரலாம்."

"மூணாவது வருஷம் எனக்குக் கல்யாணம் ஆச்சே."

"அதுவும் அந்த ஏழுக்குள்ளதான வருது," என்றார் மதிவதனி. ஆறுதலாகத்தான் சொன்னார்.

ஜெசிந்தா இன்னாசியைப் பார்த்தாள். அவன் சட்டையில் ஒரு பொத்தான் குறைந்திருந்தது.

அவளுடைய ஆய்வு பல்லியின் பாதத்தைப் பற்றியது. கிழக்குக் கோடியில் அறிஞர்கள் ஐந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் அவளுடைய நெறியாளர் கோமதிநாயகம். அவருக்குப் பக்கத்தில், நெடுந்தூரம் பயணம் செய்து வந்த வெளித்தேர்வாளர்.

நெறியாளர் பழக்கியிருந்தபடியே அவள் தொடங்கினாள். "வீட்டுப்பல்லியின் பாத நுண்மயிர் முனைகளுக்கும் திண்மப் பரப்புக்கும் இடையே நிகழும் மூலக்கூறிடை ஈர்ப்பின் தன்மையானது..."

அறிஞர்கள் தலையசைத்தார்கள். பொதுமக்கள் நாற்காலிகளோடு ஒரு பர்லாங் பின்னால் போனார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. தரை மட்டும் நீண்டது.

அவள் மேற்கே திரும்பினாள். "பல்லி கால்ல கண்ணுக்குத் தெரியாத முடி லட்சக்கணக்குல இருக்கு. ஒவ்வொண்ணும் சுவரைத் துளியூண்டு இழுக்கும். எல்லாம் சேர்ந்து இழுக்கறதால பல்லி விழாது."

பொதுமக்கள் திரும்பி வந்தார்கள். அறிஞர்கள் போய்விட்டார்கள். வெளித்தேர்வாளர் கட்டைவிரல் அளவில் தெரிந்தார். அவர் இருமியது அரை நிமிடம் கழித்து வந்து சேர்ந்தது.

கிழக்கே ஒரு வாக்கியம், மேற்கே ஒரு வாக்கியம் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் போயிற்று. மூன்று மணிக்கு அவள் மேசையோடு தனியாக நின்றாள். தாள் வெறுமையாக இருந்தது.

இன்னாசி டீயோடு வந்தான். சட்டையில் ஒரு பொத்தானும் இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு வைத்த மீசையும் இல்லை.

"டீ எடுத்துக்குங்க மேடம்," என்றான். "உங்கள எங்கயோ பார்த்த மாதிரி இருக்கு."

அவள் டீயை வாங்கிக்கொண்டாள். கொஞ்சம் தாளில் சிந்தியது.

அப்போது மேற்கே ஒருவர் எழுந்து நின்றார். பெயிண்டர் தளவாய். சாரத்தில் நின்று முப்பது வருஷமாகச் சுவர் பார்த்தவர். உரத்துப் பேசினால்தான் கீழே இருப்பவர்களுக்குக் கேட்கும் என்று பழகிய குரல்.

"ஒரு சந்தேகம் டீச்சர். ஒட்டிக்கிடுது, சரி. பெறகு எப்படி விடுது?"

"அது ஐந்தாம் அத்தியாயம்," என்று கிழக்கிலிருந்து கோமதிநாயகத்தின் குரல் வந்தது. "தேவையில்லைன்னு நான்தான் எடுக்கச் சொன்னேன்."

"எனக்கும் தெரியாதே," என்றார் வெளித்தேர்வாளர். "எப்படி விடுது?"

கேள்வி கேட்ட இருவரும் பதிலுக்காக முன்னால் சாய்ந்தார்கள். தரை சுருங்கத் தொடங்கியது. ஜன்னல்கள் ஒன்றன்மேல் ஒன்று மடங்கின. டவுன் பஸ் ரிவர்ஸ் எடுத்து வெளியேறியது. நான்கு நிமிடத்தில் வெளித்தேர்வாளரின் முழங்காலும் தளவாயின் முழங்காலும் மேசைக்கடியில் இடித்துக்கொண்டன.

ஜெசிந்தா உள்ளங்கையைச் சுவரில் வைத்தாள்.

"இப்படிக் கீழ்ப்பக்கமா இழுத்தா எல்லா முடியும் பிடிக்கும். விடணும்னா இழுக்கவே கூடாது. விரலை நுனியிலேர்ந்து மேலே சுருட்டணும். முடி நிக்கிற கோணம் மாறினதும் வரிசை வரிசையா விட்டுரும். ஸ்டிக்கர் உரிக்கிற மாதிரி. பல்லி ஓடறப்போ ஒவ்வொரு அடிக்கும் இதைச் செய்யுது."

அறிஞர்களுக்கென்று அவள் வேறு மாதிரி சொல்லவில்லை. அவர்களும் அப்படிச் சொல்லும்படி கேட்கவில்லை. கோமதிநாயகம் மட்டும் அந்த நேரத்தில் பரிந்துரைப் படிவத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

தளவாய் செருப்பைக் கழற்றினார். சுவரில் ஒரு கையை வைத்தார். மறு கையை வைத்தார். மேலே போனார்.

"சரியாத்தாம் சொல்லுதாங்க," என்று கூரையிலிருந்து சொன்னார்.

பொதுமக்கள் அனைவரும் ஏறினார்கள். அறிஞர்கள் பணிமூப்பு வரிசையில் ஏறினார்கள். மதிவதனி பேனா நூலை அவிழ்த்து நீட்டினார். விதியில் அதற்கு இடமிருந்ததாம். தாள் கூரையில் கைமாறிக் கைமாறிப் போயிற்று. அறிஞர்கள் கட்டத்தில் நான்கு கையெழுத்துகள். பொதுமக்கள் கட்டம் சிறியது என்பதால் தளவாய் 'அனைவரும்' என்று எழுதி, கீழே தன் பெயரைப் போட்டார்.

மணி மூன்று ஐம்பத்தெட்டு.

"செல்லும்," என்று மதிவதனி முத்திரை குத்தினார்.

இன்னாசி தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். பொத்தான்கள் அத்தனையும் திரும்பியிருந்தன. ஒன்று கூடுதல். மீசை முன்பைவிட அடர்த்தி.

"வடை பத்தாது ஜெசி," என்றான்.

அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் சிரித்தாள்.

கூரையில் இருந்தவர்கள் விரல்களைச் சுருட்டி, உரித்து, ஒவ்வொருவராக இறங்கினார்கள். கோமதிநாயகம் மட்டும் அங்கேயே இருந்தார். கையெழுத்திடாத ஒரே அறிஞர் அவர்தான்.

"நான் எப்படிம்மா வர்றது?"

"ஐந்தாம் அத்தியாயத்துல இருக்கு சார்."

அவள் அதை எப்போதும் பையில் வைத்திருந்தாள். எடுத்துத் தளவாயிடம் கொடுத்தாள். அவர் ஏறிப்போய் நெறியாளரின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டார்.

"கண்ணாடி கீழே விழுந்துட்டுது," என்றார் கோமதிநாயகம்.

"நான் வாசிக்கேன் சார். புரியலன்னா நிறுத்துங்க."

பொதுமக்கள் இன்னொரு தடவை கேட்கலாம் என்று உட்கார்ந்தார்கள். வெளித்தேர்வாளர் பாதி வடையைக் காவலாளிக்குக் கொடுத்தார். தளவாய் முதல் பக்கத்தை முழுக்க வாசித்தார். கூடம் ஓர் அங்குலம்கூட நீளவில்லை.