உண்ணி மருந்து

அது எண்பதுகளின் கடைசி. பெங்களூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை நஞ்சம்மா மனப்பாடமாக வைத்திருந்தாள். மகள் பார்வதிக்கு ரத்தப் புற்றுநோய். வயது நாலு, வெள்ளை அணு எட்டாயிரம்; இரண்டுமே நல்ல அறிகுறிதான். ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்தால் கஷ்டம். இந்த மாதிரிக் குழந்தைகளில் பத்துக்கு ஐந்து பிழைக்கின்றன. மூன்று வருஷம் மருந்தை நிறுத்தக் கூடாது.

"அடி மட்டும் படக் கூடாதும்மா. ரத்தம் நிக்காது."

அவள் புருஷன் ராமப்பன் கேட்டது ஒன்றுதான். "இது எதனால வருதுங்க?"

"பெரும்பாலும் காரணம் தெரியறதில்லப்பா."

ஓசூர் கம்பெனியில் லேத் ஓட்டுகிறவனுக்கு அந்தப் பதில் போதவில்லை. மத்திகிரி மாட்டுப் பண்ணையில் நஞ்சம்மா வயிற்றுப் பிள்ளையோடு மாடுகளுக்கு உண்ணி மருந்து அடித்தது அவனுக்கு ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து தினமும் அடி.

ஒரு ஞாயிறு மத்தியானம் அவள் முடியைக் கையில் சுற்றிச் சுவரில் மோதினான். "நீதான்டி எம்புள்ளைக்கு வெசத்தக் குடுத்த! நீதான்னு சொல்லு!"

பல் உடைந்து வாயெல்லாம் ரத்தம். "ஆமா, நான்தான். விட்டுரு," என்றாள். சொன்ன பிறகும் அவன் விடவில்லை.

பார்வதி ஓடிவந்து அப்பன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் உதறினான். குழந்தை வாசற்படியில் போய் விழுந்தது. மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

நஞ்சம்மா விறகுக் கட்டையை எடுத்தாள். முதல் அடி தோளில், அடுத்தது முழங்காலில். எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. விழுந்து அலறியவனை மேலும் மேலும் அடித்தாள். பக்கத்து வீட்டு ரோஷன் பீ வந்து கட்டையைப் பிடுங்கினாள்.

"புள்ளையப் பாரு நஞ்சம்மா! அவன் கெடக்கட்டும்!"

ரோஷன் பீயின் கணவர் தாயையும் பிள்ளையையும் தன் காய்கறி வேனில் ஏற்றிக்கொண்டு பெங்களூருக்குப் பறந்தார். அத்திப்பள்ளி தாண்டுவதற்குள் முந்தானை முழுக்க நனைந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் பாட்டில் பாட்டிலாக ரத்தம் ஏற்றினார்கள். மறுநாள்தான் மூக்கில் ரத்தம் நின்றது.

"நான் மருந்தடிச்சதாலதான் வந்துச்சா சாமி?"

டாக்டர் அவளுடைய வீங்கிய முகத்தைப் பார்த்தார். "யாராலயும் சொல்ல முடியாதும்மா. எனக்கும் தெரியாது."

இல்லை என்று அவர் சொல்லியிருக்கலாம். அவள் அதற்காகவே கேட்டாள்.

ஒருமுறை ராமப்பன் மாவுக்கட்டோடு வார்டு வாசலுக்கு வந்தான். அவனைக் கண்டதும் பார்வதி கட்டிலுக்கடியில் ஒளிந்தாள். அவன் திரும்பிப் போனான்.

நஞ்சம்மா ஊர் திரும்பவில்லை. பெங்களூரிலேயே வீட்டு வேலை பார்த்து, மூன்று வருஷமும் ஒரு ஊசி தவறாமல் போட வைத்தாள். பார்வதி பிழைத்துக்கொண்டாள். எட்டு வயதில் அவளைப் பள்ளியில் சேர்த்தபோது அப்பா பெயர் கேட்டார்கள். நஞ்சம்மா ராமப்பன் என்றே சொன்னாள்.