செத்துப் பார்க்கிற வேலை

எங்கள் மாவட்டத்தில், சாகப் போகிறவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இல்லங்களுக்கு உரிமம் புதுப்பிக்கும் முன் ஒருவர் அங்கே போய்ச் செத்துப் பார்க்க வேண்டும். அந்த வேலையை நான் செய்கிறேன்.

சாவது பெரிய காரியமில்லை. படுத்துக் கண்ணை மூடி, பிடித்துக்கொண்டிருப்பதை விட்டுவிட்டால் போதும். திரும்பி வருவதுதான் வேலை. முதலில் இதற்கு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவரை அனுப்பினார்கள். எல்லோரிடமும் அன்பாகப் பேசுகிறவர். போனவர் போனவர்தான். துறையிலிருந்து நினைவூட்டல் போட்டுப் பார்த்தார்கள், பதில் இல்லை. மனக்குறை இல்லாதவன் திரும்பி வரமாட்டான் என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

அதனால் அடுத்த விளம்பரத்தில் படிப்பு எதுவும் கேட்கவில்லை. பல வருஷமாக ஆறாத மனக்குறை இருக்க வேண்டும் என்று மட்டும் போட்டிருந்தார்கள். நான் ஐந்தாவதோடு நின்றவன். நேர்காணலில் என் குறைகளைச் சொல்லத் தொடங்கினேன். மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் எழுந்தபோது நான் இன்னும் என் கல்யாணம் வரைக்கும்கூட வந்திருக்கவில்லை. வேலை கிடைத்தது.

மதிப்பெண் போடும் முறை எளிது. இல்லம் மோசம் என்றால் நான் சீக்கிரம் திரும்பிவிடுவேன். நல்ல இல்லம் என்றால் தாமதமாகும். பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள இல்லத்தில் செத்தபோது, உலையில் போட்ட அரிசி வேகும் முன் வந்துவிட்டேன். தலையணையில் மூட்டைப்பூச்சி. அந்த இல்லம் இன்னும் நடக்கிறது. நடத்துகிறவருக்குச் செல்வாக்கு உண்டு. அதுவும் என் மனக்குறைகளில் ஒன்று.

எங்கே போனாலும் என் மனைவி பாக்கியம் ஒரே கேள்விதான் கேட்பாள்.

"எப்ப வருவீக? தோசைக்கு ஊறப் போடட்டா?"

"போடு. பொழுது சாய வந்துருவேன்" என்பேன். இதுவரை சொன்ன நேரம் தவறியதில்லை.

இந்த வருஷம் செம்மண்குளத்தில் ஜெபமணி சிஸ்டர் நடத்தும் இல்லத்துக்கு அனுப்பினார்கள். ஏற்கனவே இரண்டு வருஷம் மதிப்பெண் குறைந்துபோன இல்லம் அது. அப்போதெல்லாம் வேறொரு ஆள் போனார். அவர் என்னைவிடக் கோபக்காரர், அந்தப் பக்கத்து வாசலிலேயே திரும்பிவிடுவார். இந்தத் தடவையும் குறைந்தால் இல்லத்தை மூடிவிட்டு, இருக்கிறவர்களை எல்லாம் பஸ் நிலையத்து இல்லத்துக்கு மாற்றிவிடுவார்கள்.

சில நாள் தங்கவைத்துப் பார்த்துக்கொண்ட பிறகுதான் சாக விடுவது சிஸ்டரின் வழக்கம். போன அன்று என்னை இரண்டு முறை எடை போட்டார். முதலில் உடம்பை மட்டும். பிறகு, "இப்ப எல்லாத்தையும் நினைச்சுக்கோங்க அண்ணாச்சி" என்றார். நினைத்துக்கொண்டேன். முள் ஒரு சுற்றுச் சுற்றி வந்து நின்றது. பணிப்பெண் முப்பிடாதி எட்டிப் பார்த்தாள்.

"சிஸ்டர், இவுகளுக்கு இரும்புக் கட்டில்தான் தாங்கும்."

மற்ற இல்லங்களில் பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளும் ஆரஞ்சும் கொண்டுவருவார்கள். இந்த இல்லத்தில் சிஸ்டரே என் மனக்குறைக்குக் காரணமான ஆட்களைக் கொண்டுவந்தார். மறுநாள் காலை எங்கள் தெரு டீக்கடைக்காரன் வந்து நின்றான். ஒரு தடவை நாலு பேருக்கு முன்னால் எனக்கு மட்டும் விளிம்பு உடைந்த கிளாசில் டீ கொடுத்தவன். புதுக் கிளாசில் டீ ஆற்றிக் கொடுத்து, "தப்புதான் அண்ணாச்சி" என்றான். குடித்தேன். நன்றாக இருந்தது. கட்டில் லேசாகக் கிறீச்சிட்டது. அடுத்து, ஒரு தேங்காய்கூடத் தராத பக்கத்து வீட்டுக்காரர் தன் தென்னை மரத்தின் முதல் குலையோடு வந்தார். அதற்கடுத்து ரேஷன் கடையில் என் பையைத் தூக்கி வரிசைக்குக் கடைசியில் வைத்தவள் வந்தாள். அவள் அழுதேவிட்டாள். நான்தான் தேற்ற வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் நான் மெத்தையிலிருந்து ஒரு சாண் மேலே கிடந்தேன். முப்பிடாதி வந்து கொசுவலையை நாலு பக்கமும் இறுக்கிக் கட்டினாள்.

"இங்க கொசுவே இல்லையே" என்றேன்.

"இது கொசுவுக்கு இல்ல அண்ணாச்சி" என்றாள்.

எனக்குக் கவலை வந்தது. எல்லாக் குறையும் போய்விட்டால் நான் தலைமையாசிரியர் மாதிரி ஆகிவிடுவேன். நான் சாகிற அன்று பாக்கியம் தோசைக்கு ஊறப் போடுவாள். அது புளித்துக்கொண்டே இருக்கும். நல்ல வேளையாக ஒரு குறை மிச்சம் இருந்தது. அது அடுத்த கட்டிலிலேயே படுத்திருந்தது.

என் அக்கா சண்முகவடிவின் வீட்டுக்காரர், ஆவுடையப்பன் அத்தான். தன் மகள் கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமனான என் பெயரைப் போடாதவர். ஊரே பெயர் பெயராக இருந்த பத்திரிகை அது. நாதஸ்வரக்காரர் பெயர் இருந்தது. பந்தல்காரர் பெயர் இருந்தது. முகூர்த்தத்தன்று நான் மாலையோடு மண்டபத்து வாசல்வரை போய், உள்ளே போகாமல் எதிர்க் கடையில் பரோட்டா தின்றுவிட்டு வந்தேன். மாலையை அங்கேயே கல்லாவில் இருந்த சாமி படத்துக்குப் போட்டேன். அக்கா சாவுக்குப் போனபோதுகூட அத்தானிடம் பேசவில்லை. இப்போது அவருக்கு உடம்பு முடியாமல் இந்த இல்லத்தில் சேர்த்திருக்கிறார்கள் என்பது இங்கே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"என்ன மாப்ளே, மிதக்கியே" என்றார் அத்தான்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உடனே மெத்தையில் வந்து உட்கார்ந்தேன்.

சிஸ்டர் அவரிடம் போய்ப் பேசினார். அண்ணாச்சியிடம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டுவிடுங்கள், இல்லத்துக்கு நல்லது என்றார். அத்தான் தலையாட்டி மறுத்தார்.

"கேக்க மாட்டேன் சிஸ்டர். கேட்டா இவன் போயிருவான். அப்புறம் என்கூடச் சண்டை போட யாரு இருக்கா?"

அன்றிலிருந்து அவர் காலையும் மாலையும் மருந்து கொடுப்பது போல எனக்கு ஒரு வார்த்தை கொடுத்தார். "ஒன் பேர எழுத்துக் கோத்துப் படிக்கவே ஒனக்கு அரை நாளாகும், பத்திரிகையில எதுக்குல பேரு?" என்பார். இன்னொரு நாள், "அந்தப் பரோட்டாவுக்குக் காசு குடுத்தியா, அதையும் மொய்க் கணக்குல எழுதச் சொன்னியா?" என்றார். கட்டில் கால்கள் தரைக்குள் இறங்கின. முப்பிடாதி வந்து தூக்கி, ஒவ்வொரு காலுக்கும் செங்கல் வைத்தாள்.

"ஆவுடையப்பன் அண்ணாச்சி, கொஞ்சம் பாத்துப் பேசுங்க. செங்கலு தீந்துபோச்சு."

சாக வேண்டிய நாளுக்கு முந்தின நாள் சிஸ்டர் எங்கள் இருவர் கட்டிலுக்கும் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது. இவ்வளவு பாரத்தோடு போனால் நான் உடனே திரும்பிவிடுவேன், இல்லம் மூடப்படும், அத்தான் மூட்டைப்பூச்சித் தலையணைக்குப் போவார். பாரமே இல்லாமல் போனால் இல்லம் பிழைக்கும், நான் வரமாட்டேன்.

அத்தான் ஒருக்களித்து என் பக்கம் திரும்பினார்.

"பாதி கேக்கேன்" என்றார்.

"பாதி எப்படிக் கேப்பீங்க?" என்றேன். பல வருஷத்துக்குப் பிறகு நான் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

"முதல் பாதி இப்ப. மிச்சத்தை நீ வந்த பொறவு."

முப்பிடாதியைச் சாட்சிக்கு நிற்கச் சொன்னோம். அத்தான் எழுந்து உட்கார்ந்து, தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"மாப்ளே குத்தாலிங்கம். அன்னைக்குப் பத்திரிகையில ஒன் பேரை எடுத்தது நான்தான். பஞ்சாயத்துத் தலைவரு பேரைப் போட எடம் பத்தல. அப்படி எடுத்தது..."

அங்கே நிறுத்திவிட்டுப் படுத்துக்கொண்டார்.

"எடுத்தது என்ன?" என்றேன்.

"வந்து கேளு."

கட்டில் தரைக்கும் வரவில்லை, நானும் மேலே போகவில்லை. செங்கலுக்கு மேலே அளவாக நின்றது. மறுநாள் காலை இட்லி சாப்பிட்டேன். முப்பிடாதி என் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். சிஸ்டர் என் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார், ஜெபமோ புத்திமதியோ எதுவும் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. ஜன்னலுக்கு வெளியே ஆடு ஒன்று முருங்கைக் கிளையை இழுத்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே செத்தேன்.

அந்தப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். எப்போதும் அவசரமாகத் திரும்பியதால் இதுவரை நான் வாசலைத் தாண்டியதில்லை. இந்தத் தடவை உள்ளே போனேன். பந்தி நடந்துகொண்டிருந்தது. முதல் பந்தியிலேயே இடம் கிடைத்தது. கேட்காமலே இரண்டாவது அப்பளம் வைத்தார்கள். பாயச வாளியோடு வந்தது அக்கா சண்முகவடிவு.

"மெலிஞ்சு போயிட்டியே தம்பி" என்று சொல்லி இரண்டு கரண்டி ஊற்றினாள்.

சாப்பிட்டு வெளியே வந்தபோது வாசலில் ஒருவர் ஏணி மேல் நின்று வரவேற்புப் பலகை எழுதிக்கொண்டிருந்தார். அதில் என் பெயர் எல்லோர் பெயருக்கும் மேலே, சிவப்புப் பெயிண்டில், என் கை அகல எழுத்தில் இருந்தது. முன்னால் 'தாய்மாமன்' என்றும் போட்டிருந்தது. நான் நாற்காலி கொண்டுவந்து அதற்கு எதிரில் போட்டு உட்கார்ந்தேன். எழுத்துக் கோத்துப் படித்தேன். முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். இருட்டவும் இல்லை, பசிக்கவும் இல்லை. அப்படியே இருந்துவிடலாம் என்று தோன்றியது. ஆனால், எடுத்தது என்ன? அது மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய தேங்காய் நார் மாதிரி இருந்தது.

நான் எழுந்தபோது ஏணியிலிருந்தவர் கேட்டார். "கீழ கொஞ்சம் எடம் இருக்கு. அடுத்தாப்பல ஆவுடையப்பன்னு ஒருத்தர் வரணும். எழுதிரவா?"

வாசலுக்கு வந்த அக்கா வாளியைக் கீழே வைத்தாள். "அவரா? மெதுவா வரட்டும் தம்பி. வந்தா டிவி சத்தத்தைக் கூட்டி வச்சு ஒருத்தரையும் தூங்க விடமாட்டாரு."

நான் பலகையைப் பார்த்தேன். "எடம் பத்தாது. நாதஸ்வரக்காரர் பேரை எழுதுங்க" என்றேன்.

கண் திறந்தபோது மூன்றாம் நாள் மத்தியானம். மாவட்டத்தில் இவ்வளவு தாமதமாக யாரும் திரும்பியதில்லை. துறை அதிகாரி அம்மா வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். எழுந்து வந்து சிஸ்டருக்குக் கைகொடுத்தார். முழு மதிப்பெண். முப்பிடாதி எனக்குச் சுக்குக் காபி கொண்டுவந்தாள். பாக்கியம் புளித்த மாவில் ஊத்தப்பம் ஊற்றிக் கொடுத்தனுப்பியிருந்தாள்.

பக்கத்துக் கட்டில் காலியாக இருந்தது. விரிப்பை மாற்றியிருந்தார்கள்.

"அத்தான் எங்க?"

"நீங்க வரலன்னு முந்தாநேத்து ராத்திரி பூரா தூங்கல அண்ணாச்சி" என்றாள் முப்பிடாதி. "'பாதியோட போயிட்டானே, நான் போயி மிச்சத்தச் சொல்லிட்டுக் கூட்டியாரேன்'னு நேத்துப் போனாவ. வழியில பாக்கலியா?"

பார்க்கவில்லை. நான் மண்டபத்திலிருந்து கிளம்பிய பிறகுதான் அவர் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். நான் பிய்த்த ஊத்தப்பத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டேன். அத்தானுக்கு யார் மேலும் மனக்குறை கிடையாது. எல்லோரையும் கேலி செய்வார், எதையும் மனதில் வைத்துக்கொள்ள மாட்டார். அப்படிப்பட்டவர்கள் திரும்பி வருவதில்லை. சிஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். இல்லத்துக்கு மதிப்பெண் போட்டாயிற்று, கையைப் பிடிப்பது இனிக் கணக்கில் சேராது என்றேன். தெரியும் என்றார், கையை விடவில்லை.

காபி ஆறிப்போனது. அப்போது பக்கத்துக் கட்டில் சத்தத்தோடு தரையில் இறங்கியது.

அத்தான் அதன் நடுவில் உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்திருந்தது. பார்க்க ஆரோக்கியமாக இருந்தார்.

"ஏல, நாதஸ்வரக்காரன் பேரு இருக்கு! பந்தல்காரன் பேரு இருக்கு! ஒன் பேரு ஆனை அளவுல இருக்கு! எம் பேரு எங்கல?"

"எடம் பத்தல அத்தான்" என்றேன்.

"ஒங்க அக்கா சிரிக்கா. பாயசம் ஊத்திக்கிட்டே சிரிக்கா! வாசல்லயே திரும்பிட்டேன். இலையில கைகூட வைக்கல."

"எதுத்தாப்பல பரோட்டாக் கடை இருந்திருக்குமே?"

"இருந்துச்சு. தின்னுட்டுத்தான் வந்தேன்" என்றார்.

சிஸ்டர் அவரை எடை போட்டார். முள் ஒரு சுற்றுச் சுற்றி, இன்னும் கொஞ்சம் போனது. டாக்டரை வரவழைத்துப் பார்த்ததில், இவ்வளவு மனக்குறையோடு இருப்பவருக்கு இப்போதைக்குச் சாக வாய்ப்பில்லை என்றார்.

"சரி, மிச்சப் பாதியைச் சொல்லுங்க" என்றேன்.

"மொதல்ல நீ கேளு. பலகையில பேரு விட்டதுக்கு."

யோசித்துப் பார்த்தேன். பிறகு எழுந்து உட்கார்ந்து தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். முப்பிடாதி சாட்சிக்கு நின்றாள்.

"அத்தான். அன்னைக்குப் பலகையில ஒங்க பேரை எழுதவேண்டாம்னு சொன்னது நான்தான். அப்படிச் சொன்னது..."

அங்கே நிறுத்திவிட்டுப் படுத்துக்கொண்டேன். இரண்டு கட்டிலும் ஒரே உயரத்தில் நின்றன. முப்பிடாதி எங்கள் இருவருக்கும் பொதுவாக நடுவில் ஒரு செங்கலை வைத்துவிட்டுப் போனாள்.

போன வாரம் துறை அதிகாரி அம்மா மறுபடி வந்தார். இந்த இல்லத்தில் இருந்த ஒருவரே அந்தப் பக்கத்து வாசலிலிருந்து திரும்பி வந்திருப்பதால், குறை இல்லத்தில் இல்லை, அந்தப் பக்கத்தில்தான் என்று துறை முடிவு செய்திருக்கிறதாம். அந்தப் பக்கத்துக்கும் அடுத்த மாதம் உரிமம் முடிகிறது. பரிசோதிக்க இரண்டு பேர் வேண்டும் என்றார். அத்தானும் நானும் ஒத்துக்கொண்டோம். பாக்கியம் எங்கள் இருவருக்கும் சேர்த்து ஊறப் போடுவதாகச் சொல்லியிருக்கிறாள்.