ஒட்டியாணம் பெண்ணோடுதான் வரும்

1

முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். இந்தக் கதையில் ஒரு வாக்கியம்தான் எனக்குக் கிடைத்தது. மீதி முழுக்க என் கைச்சரக்கு.

சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் போகும் பேருந்து. முன் இருக்கையில் இருந்தவள் போனில் பேசிக்கொண்டு வந்தாள். நான் ஒட்டுக்கேட்கவில்லை. (கேட்டேன்.) பூதலபட்டைத் தாண்டியபோது அவள் குரல் திடீரென்று உயர்ந்தது.

“ஒட்டியாணம் மட்டும் தனியா வராதாம்மே. பொண்ணோட சேந்துதான் வருமாம்!”

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இருக்கைக் கம்பியைப் பிடித்திருந்த என் கைவரைக்கும் அந்தச் சிரிப்பு வந்தது. பாகாலாவில் இறங்கிவிட்டாள். நானும் பின்னாலேயே இறங்கி, “அப்புறம் என்ன ஆச்சு?” என்று கேட்டிருக்கலாம். திருப்பதி வரைக்கும் டிக்கெட் எடுத்திருந்தேன்.

மீதி வழி முழுக்கத் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். பக்கத்து இருக்கைக்காரர் சற்றுத் தள்ளி உட்கார்ந்தார். எனக்கே என்மேல் சந்தேகம்தான். என் கதைகளில் பெண்கள் சிரிப்பது அபூர்வம். சிரித்தால் அடுத்த பத்தியில் யாருக்காவது ஏதாவது ஆகிவிடும். இந்த ஒரு கதையிலாவது யாருக்கும் எதுவும் ஆகாமல் பார்த்துக்கொள்ள முடிகிறதா என்று பார்க்கிறேன்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

“ஆயிரம் ஆண்டுகளாகப் பெண்ணின் இடையை வளைத்திருக்கும் அந்தப் பொன் வளையம், அவளுடைய மூச்சையும் கனவையும்—”

இல்லை. அது பொன் அல்ல, பித்தளை. ஆயிரம் ஆண்டும் அல்ல.

இரண்டாம் முயற்சி:

“துர்காதேவி கடையைத் திறந்தபோது வானம் சாம்பல் நிறத்தில்—”

வானத்தை விடுங்கள். துர்காதேவியைப் பாருங்கள். நாற்பதை நெருங்குகிறவள். சித்தூரில் பஜார் தெருவுக்குப் பின்னால், மாடியில் ஒரே அறையில், கல்யாணப் பெண்களுக்கு நகை வாடகைக்கு விடுகிறாள். எல்லாம் புதிதாகச் செய்து பழையதாக்கிய நகைகள். கோயில் சிலைகளின் கழுத்தையும் இடுப்பையும் போட்டோ எடுத்துவந்து, அதே மாதிரி பித்தளையில் செய்யச் சொல்வாள். பளபளவென்று வரும். அதன்மேல் கறுப்பு மருந்தைப் பூசி, காய்ந்ததும் மேடான இடங்களை மட்டும் துணியால் துடைப்பாள். பள்ளங்களில் கறுப்பு தங்கிவிடும். அவ்வளவுதான், நகையிலுள்ள அன்னத்துக்கும் யாளிக்கும் ஒரே பிற்பகலில் இருநூறு வயது கூடிவிடும்.

“இது எந்தக் காலத்து ஒட்டியாணம்மா?” என்று கேட்பவர்களிடம் அவள் பொய் சொல்வதில்லை.

“போன தீபாவளி காலத்துது. பாத்தா ராஜா காலத்துது மாதிரி இருக்குதுல்ல? அதுக்குத்தான் வாடகை.”

(இந்த இடத்தில் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். நான் செய்வதும் அதுதானே. நேற்று நடந்ததை எழுதி, அதன் பள்ளங்களில் கொஞ்சம் துயரத்தைப் பூசி, மேட்டைத் துடைத்துவிடுகிறேன். “ஆழமாக இருக்கிறது” என்கிறார்கள். அந்தக் கறுப்பு மருந்துக் குப்பி இப்போதும் என் மேஜைமேல் இருக்கிறது. இன்றைக்கு மூடியைத் திறப்பதாக இல்லை.)

3

ஒரே நாளில் இரண்டு முகூர்த்தம். விடியற்காலையில் சித்தூரில் கன்னிகாவுக்கு. பகலில் திருப்பதியில் அக்ஷயாவுக்கு. இருவரும் கேட்டது ஒரே ஒட்டியாணத்தை. துர்காதேவி இருவரிடமும் சரி என்றுவிட்டாள்.

“காலையில அந்தப் பொண்ணு கழட்டிக் குடுத்த உடனே வண்டி ஏறிடுவேம்மா. நடுவுல உக்காந்து டிபனே துன்னுட்டு வரலாம், அவ்ளோ நேரம் கெடக்குது,” என்றாள் அக்ஷயாவிடம் போனில். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று, “வேற ரெண்டு ஒட்டியாணம்கூட இருக்குது, அதுவும் நல்லாத்தான்—”

“அக்கா, ஒரு நிமிஷம் கேளுங்க.” அக்ஷயா ஸ்ரீசிட்டியில் செல்போன் செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவள். இடைவேளையில் பேசுவதால் வேகமாகப் பேசினாள். “பட்டுப்புடவ மாமியார் எடுத்தது. ஜாக்கெட் மாடல் அத்த சொன்னது. மண்டபம் மாமா புடிச்சது. சாப்பாட்ல இன்னா போடறதுன்னு பெரியப்பா. மாப்ளைய எங்க நைனா பாத்தாரு. நல்லவருதான், நான் கொற சொல்லல. ஆனா இந்தக் கல்யாணத்துல நானா பாத்து நானா புடிச்சது உங்க ஒட்டியாணம் ஒண்ணுதான்.”

அதற்குமேல் துர்காதேவி வேறு ஒட்டியாணத்தைப் பற்றிப் பேசவில்லை. நீங்களும் நானும் இதை மறக்காமல் இருந்தால் போதும்: அது அக்ஷயாவின் முகூர்த்தத்துக்குப் போய்ச்சேர வேண்டும்.

4

வாடகை ஒட்டியாணங்களில் வழக்கமாகப் பின்னால் ஒரு சங்கிலியும் கொக்கியும் இருக்கும். எந்த இடுப்புக்கும் சரிப்படும். துர்காதேவிக்கு அது பிடிக்கவில்லை. “சிலைக்குப் பின்னால எங்கனா சங்கிலி தொங்குதா?” என்று செய்பவரோடு சண்டை போட்டு, பழைய முறைப்படி மாற்றவைத்தாள். இரண்டு பாதிகள். பக்கவாட்டில் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் வளையங்கள். அவற்றின் நடுவே மேலிருந்து இறங்கும் ஓர் ஆணி. கதவுக் கீல் மாதிரி.

சித்தூர் மண்டபத்தில் அருள்குமார் கன்னிகாவுக்குத் தாலி கட்டினான். எல்லோரும் அட்சதை தூவினார்கள். அதில் ஒரே ஒரு மஞ்சள் அரிசி, தலையில் விழாமல், தோளில் தங்காமல், நேராக ஒட்டியாண வளையத்துக்குள் இறங்கி ஆணியின் பக்கத்தில் இடம்பிடித்து உட்கார்ந்துகொண்டது.*

* அது யார் போட்ட அரிசி என்று யோசித்தேன். பொறாமை பிடித்த நாத்தனார், மூலையில் நிற்கும் பழைய காதலன் என்று கை தானாகப் போனது. இழுத்துப் பிடித்தேன். வாழ்த்திப் போட்ட அரிசிதான். வாழ்த்துக்கும் எங்கே போய் விழுகிறோம் என்று தெரிவதில்லை.

சடங்கெல்லாம் முடிந்து கழற்றப் போனால், ஆணி நகரவில்லை. துர்காதேவி தேங்காய் எண்ணெய் விட்டாள். நகரவில்லை. கன்னிகாவின் சித்தி செல்லியம்மா, “நகரு, நான் பாக்கறேன்,” என்று ஒரு சொம்பு சோப்புத் தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றினாள். அரிசி ஊறியது. தினமும் வீட்டில் அரிசி ஊறப்போடுகிற அத்தனை பெண்கள் சுற்றி நின்றும், ஊறினால் என்ன ஆகும் என்பது ஒருத்திக்கும் அப்போது தோன்றவில்லை.

“இன்னா சித்தி, இட்லிக்கா போட்டுக்கினு இருக்கற?” என்றாள் கன்னிகா.

“சும்மா நில்லுடி.”

“வெட்டிடலாமா?” என்றான் அருள்குமார். புது மாப்பிள்ளை, தயங்கித்தான் கேட்டான்.

“வெட்டிட்டு அந்தப் பொண்ணுக்கு இன்னாத்தக் குடுக்கறது? ரெண்டு துண்டாவா?” துர்காதேவியின் கையில் போன் அடித்தது. அக்ஷயா.

“கெளம்பிட்டீங்களாக்கா?”

“கெளம்பிட்டோம்மா.”

“கெளம்பிட்டோமா? யார் யாரு?”

“நானு… ஒட்டியாணம்… அப்புறம் பொண்ணு.”

“எந்தப் பொண்ணு?”

“வஸ்துன்னாம்மா, வஸ்துன்னா, வந்துக்கினே இருக்கேன்!” துர்காதேவி பதறினால் தெலுங்கு முந்திக்கொள்ளும்.

5

மணமக்கள் எப்படியும் மாலையில் திருமலைக்குப் போவதாக இருந்தது. இப்போதே கிளம்பினார்கள். பூ ஒட்டிய கார். முன் இருக்கையில் துர்காதேவி, மடியில் எண்ணெய்க் குப்பியோடு. பின்னால் கன்னிகாவும் அருள்குமாரும். நடுவில் ஒட்டியாணம்.

இங்கே கன்னிகாவை அழவைப்பதாகத் திட்டம்.

“ஜன்னலுக்கு வெளியே மாந்தோப்புகள் பின்னோக்கி ஓடின. இனி அந்த வீடு தனக்கு இல்லை என்ற எண்ணம் கன்னிகாவின் கண்களில்—”

அழமாட்டேன் என்கிறாள். திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் கண்களைக் கொண்டுபோய் ஈரத்தின் பக்கத்தில் வைத்தால், அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். தோள் குலுங்குகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் அழுகை மாதிரியே இருக்கும். நான் அப்படியே எழுதிவிட்டுப் போயிருக்கலாம், யாருக்கும் தெரியாது.

அருள்குமார் போனில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தான். “விரல்ல மோதிரம் மாட்டிக்கினா நூல் சுத்தி எடுக்கணுமாம்.”

“இடுப்புக்கு எவ்ளோ நூல் வேணும்?” என்றாள் கன்னிகா. “நகரி தறிக்காரங்களுக்குப் போன் போடுங்க, ஒரு லோடு அனுப்பட்டும்.”

அவன் திரும்பிப் பார்த்தான். “உனக்கு இவ்ளோ பேச வருமா?”

“பொண்ணு பாக்க வந்தப்போ கேட்டீங்களா?”

“இன்னா படிச்சிருக்கன்னு கேட்டேனே.”

“அதான், படிச்சத சொன்னேன்.”

முன்னால் துர்காதேவியின் தோளும் குலுங்கியது.

(அவள் ஏன் இவ்வளவு சந்தோஷமாக இருக்கிறாள்? நான் பாதிக் காகிதத்தை இதற்கே செலவழித்தேன். காலையிலிருந்து எத்தனையோ கைகள் அவளைத் தொட்டிருக்கின்றன. புடவையை இழுத்து, பூவைச் சரிசெய்து, வியர்வையை ஒற்றி. அந்தக் கைகளுக்கெல்லாம் அவள் அசையாமல் இருக்க வேண்டியிருந்தது. இந்தக் காரில் எல்லோருடைய கவலையும் அவள் இடுப்பில் இருக்கிறது. மீதிக் கன்னிகாவை யாரும் கவனிக்கவில்லை. அந்த மீதிதான் சிரிக்கிறது. அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நான் நினைத்து முடிப்பதற்குள் அவள் வேறு ஒன்றைச் சொல்லிவிட்டாள்.)

“பசிக்குதுக்கா.”

செல்லியம்மா கொடுத்தனுப்பிய பொட்டலத்தை அருள்குமார் பிரித்தான். இட்லி வாசனை காருக்குள் நிறைந்தது.

“துன்னாதம்மா!” துர்காதேவி இருக்கையிலேயே திரும்பிக் கும்பிட்டாள். “உன் கால்ல வேணா விழறேன். இடுப்பு ஏறிடும்!”

சந்திரகிரி வந்தது. கோட்டை வெயிலில் நின்றது. அதை வருணிக்கவில்லை, நேரமில்லை. அருள்குமார் இரண்டு இட்லி சாப்பிட்டான். கன்னிகா அவனைப் பார்த்துக்கொண்டே வந்தாள். மூன்றாவதை எடுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

6

திருப்பதி மண்டபத்து வாசல். பூ ஒட்டிய காரிலிருந்து, பட்டு வேட்டியும் மாலையுமாக அருள்குமார் முதலில் இறங்கினான். அக்ஷயாவின் மாமா நாகபூஷணம் அன்று காலையில் கண்ணாடியைத் தொலைத்திருந்தார். (நான்தான் தொலைத்தேன். எனக்குத் தேவைப்பட்டது.)

“இன்னா மாப்ள, இங்க நிக்கிறீங்க! ஐயரு தேடிக்கினு இருக்காரு!” கையைப் பிடித்து இழுத்தார்.

“நான் மாப்ளதாங்க. ஆனா இந்த மாப்ள இல்ல.”

“வெக்கப்படாத வாங்க.”

“அய்யோ, அவர வுட்டுடுங்க!” காருக்குள்ளிருந்து கன்னிகா கத்தினாள். “காலையிலதான் நான் கட்டிக்கினேன்!”

துர்காதேவி ஒரு துண்டைக் கன்னிகாவின் தலைமேல் போட்டு மூடி, கூட்டத்துக்குள் தள்ளிக்கொண்டு போய், மணப்பெண் அறைக்குள் நுழைந்து தாழ் போட்டாள்.

உள்ளே அக்ஷயா, இரண்டு கையாலும் வயிற்றின் மேல் புடவை மடிப்புகளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒட்டியாணம் பிடித்துக்கொள்ளும் என்று, புடவை கட்டிவிட்டவள் ஊசி குத்தாமல் போய்விட்டாள். துண்டு விலகியது. இரண்டு மணப்பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“உங்களுக்கு நல்லா இருக்குது,” என்றாள் அக்ஷயா.

“உனக்கு இன்னும் நல்லா இருக்கும். எனக்கு டைட்டு,” என்றாள் கன்னிகா.

7

முடிவுகள் மூன்று எழுதினேன்.

ஒன்று: நாகபூஷணம் மாமா எங்கிருந்தோ ஒரு கட்டிங் பிளேயர் கொண்டுவருகிறார். அக்ஷயா அதைப் பார்த்துவிட்டு, “வெட்டினது எனக்கு வேணாம். முழுசா வந்தா வரட்டும்,” என்கிறாள். பிளேயர் வெளியே போகிறது.

இரண்டு: துர்காதேவி யாருக்கும் தெரியாமல் பையில் வேறு ஒட்டியாணம் கொண்டுவந்திருக்கிறாள். அக்ஷயா அதை வாங்கிக் கட்டிக்கொள்கிறாள். “கண்ணாடியில் பார்த்தபோது அவளுக்குப் புரிந்தது, வாழ்க்கையில் தேர்வு என்பது—” சட்டென்று நிறுத்தினேன். என் மேஜைமேல் மருந்துக் குப்பி திறந்து கிடந்தது. யார் திறந்தது என்று தெரியாது.

மூன்று: கன்னிகாவும் மேடையில் பக்கத்தில் நிற்கட்டும், போட்டோவில் ஒட்டியாணமாவது விழும் என்று துர்காதேவி யோசனை சொல்கிறாள்.

“ஒரு மணவறையில ரெண்டு பொண்ணா? ஜனங்க இன்னாக்கா பேசும்?” என்கிறாள் அக்ஷயா.

“என் வூட்டுக்காரரும் இருக்காரே,” என்கிறாள் கன்னிகா. “ரெண்டுக்கு ரெண்டு சரியாப் போச்சு.”

மூன்று பேரும் சிரிக்கிறார்கள். அக்ஷயாவின் கையிலிருந்து மடிப்பு நழுவுகிறது. மறுபடி பிடிக்கிறாள். சிரிப்பு நிற்கிறது. வெளியே ஐயரின் குரல், மைக்கில்: “பெள்ளிகூதுருனி பிலவண்டி!” பெண்ணைக் கூப்பிடுகிறார். கதவை யாரோ தட்டுகிறார்கள்.

8

துர்காதேவி குனிந்து மறுபடி பார்க்கிறாள். காரில் உட்கார்ந்திருந்தவரைக்கும் ஒட்டியாணம் இறுகியே இருந்தது. இப்போது கன்னிகா நிற்கிறாள், இவ்வளவு நேரம் ஊறிய அரிசியும் நசுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். வழி ஒன்று இருக்கிறது.

கன்னிகா கைகளைத் தூக்கிக்கொண்டு மூச்சை முழுக்க வெளியே விட வேண்டும். துர்காதேவி இரண்டு பாதிகளையும் இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்கிப் பிடிக்க வேண்டும். வளையம் தளரும் அந்த ஒரு நொடியில் இன்னொருவர் ஆணியை மேலே இழுக்க வேண்டும்.

இன்னொருவர் இல்லை. துர்காதேவிக்கு இரண்டு கைதான். கன்னிகா கையை இறக்கினால் இடுப்பு அகலும். அக்ஷயா கையை விட்டால் புடவை அவிழும்.

நான் இழுக்கலாம். இழுத்தால் வந்துவிடும், எழுதுவது நான்தானே. அதனாலேயே கை நீளமாட்டேன் என்கிறது. புடவை, மண்டபம், சாப்பாடு, மாப்பிள்ளை வரிசையில் கடைசியாக நானும் போய் நிற்பதா? அக்ஷயாவுக்கு அது தெரிந்துவிட்டது போலிருக்கிறது. என்னை அவள் பார்க்கவில்லை. என்னைத் தாண்டி, கதவோரத்தில் இவ்வளவு நேரமாகச் சும்மா நின்று வேடிக்கை பார்க்கும் உங்களைப் பார்க்கிறாள்.

(ஆண் வாசகர்கள் வெளியே போய் அருள்குமாரைக் காப்பாற்றலாம். அவனை மணவறைப் பலகையில் உட்காரவைத்துவிட்டார்கள்.)

“மூச்ச வுடு,” என்கிறாள் துர்காதேவி. கன்னிகா விடுகிறாள். பாதிகள் நெருங்குகின்றன. வளையத்துக்குள் மெல்லிய சத்தம் கேட்கிறது, அரிசி நசுங்குவதா, பித்தளை நெளிவதா என்று இங்கிருந்து தெரியவில்லை.

“அக்கா,” என்கிறாள் அக்ஷயா உங்களிடம். “நீங்க பொண்ணு வூடா, மாப்ள வூடா?”

நீங்கள் பதில் சொல்ல வாயைத் திறக்கிறீர்கள்.

“யாரா இருந்தா இன்னா, இழுங்கக்கா!”