கறுப்பு மூலைக் கடிதம்

தேவசிகாமணி வாத்தியாருக்கு வீட்டுப்பாடம் என்றால் உயிர். பாளையங்கோட்டையில் பயிற்சி முடித்துச் சீவலப்பேரிக்கு வந்த நாள் முதலாக, நாலாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்ச் சும்மா இருந்துவிடக் கூடாது என்பதில் மனுஷருக்கு அப்படி ஒரு வைராக்கியம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம் அக்டோபர் மாதம், பத்தாம் தேதி வியாழக்கிழமை, கடிதம் எழுதும் பாடம் வந்தது. நல்ல காரியம் என்றால் தாளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவ வேண்டும். சாவுச் செய்தி என்றால் கறுப்பு மை. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயந்தான். ஆனாலும் பரீட்சைக்கு வரும் என்று சொல்லி, சாவுக் கடிதத்துக்குக் கரும்பலகையில் இரண்டு மாதிரி எழுதிப் போட்டார். வேதக்காரப் பிள்ளைகளுக்குக் ‘கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்’. மற்றவர்களுக்குச் ‘சிவபதவி அடைந்தார்’.

“செத்தவுக பேருக்கு ஏதாவது ஒரு பேரைப் போட்டுக்கிடுங்க. எழுத்துப் பிழை மட்டும் வரப்படாது” என்றார். ஒன்பது வயசுப் பிள்ளைகளிடம் சொல்கிற பேச்சா இது?

பிரம்மநாயகிக்குப் பிழையில்லாமல் எழுத வருகிற பெரியவர் பேர் ஒன்றே ஒன்றுதான். பாபநாசம் பிள்ளை. அவளுடைய அப்பா. கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தார். மாதம் ஒரு கடிதம் வரும், ஒரு கடிதம் போகும். அம்மா பார்வதியம்மாளுக்கு எழுத்து வாசனை கிடையாது. அதனால் வருவதை வாசிப்பதும், அம்மா சொல்லச் சொல்ல எழுதுவதும், உறைமேல் அப்பா பேரைப் போடுவதும் பிரம்மநாயகிதான். அந்தப் பேரையே வீட்டுப்பாடத்திலும் அழகாக எழுதி, மூலையில் மை தடவிக் காய வைத்தாள்.

பார்வதியம்மாள் அடுக்களையிலிருந்து வந்தவள் கறுப்பு மூலையைப் பார்த்துப் பதறிப்போனாள்.

“என்னட்டி இது? யாரு செத்துப்போனா?”

“பாடம்மா. சும்மா எழுதுதது. அப்பா பேரைப் போட்டிருக்கேன், ஒரு பிழையும் இல்ல.”

கன்னத்தில் விழுந்த அறையில் பிள்ளை சுவரோடு போய் மோதினாள். பார்வதியம்மாள் தாளைச் சுக்குநூறாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். மகளைக் கிணற்றடிக்கு இழுத்துப் போய்த் தலையில் நாலு வாளித் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே அழுதாள். “எழுதுனாப் பலிச்சிரும்ட்டி. இந்தக் கையால இனிமே அப்படி எழுதுவியா? எழுதுவியா?”

மறுநாள் அவள் நடந்ததைச் சொல்ல, வேறு பேர் போட்டு எழுதி வரும்படி வாத்தியார் தவணை கொடுத்தார். பிள்ளைக்குக் கை ஓடவில்லை. இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தாள்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது, தபால்காரர் மாடக்கண்ணு வழியில் நிறுத்தினார். எப்போதும் “கொழும்புச் சீமாட்டி” என்று கேலி பண்ணுகிறவர், அன்றைக்கு முகத்தையே பார்க்கவில்லை. “அம்மைட்ட குடுத்துரு தாயி” என்று உறையைக் கையில் திணித்துவிட்டு விறுவிறு என்று நடந்தார். உறையின் மூலையில் மை இருந்தது. அவர் பார்க்காமலா இருந்திருப்பார்? வீட்டு வாசலில் போய் நிற்கத் தைரியம் இல்லை, அவ்வளவுதான்.

பிரம்மநாயகி மாட்டுத் தொழுவத்துக்குள் போய்ப் பிரித்தாள். அப்பாவோடு கடையில் வேலை பார்க்கும் நெல்லையப்பன் எழுதியிருந்தார். ‘பாபநாசம் பிள்ளை அவர்கள் இம்மாதம் ஏழாம் தேதி திங்கட்கிழமை பேதி கண்டு ஆஸ்பத்திரியில் சிவபதவி அடைந்தார். காரியங்களை நாங்களே முடித்துவிட்டோம். அவர் பெட்டி அடுத்த வாரக் கப்பலில் ஊருக்குத் திரும்பும் முத்துமாலை வசம் வருகிறது.’

எழுதினேன், பலித்துவிட்டது. பிள்ளைக்கு வேறொன்றும் தோன்றவில்லை. அப்பா போனது ஏழாம் தேதி, அவள் எழுதியது பத்தாம் தேதி. விரல்விட்டு எண்ணினால் தெரிந்துவிடும். கழித்தல் கணக்கில் வகுப்பிலேயே கெட்டிக்காரி அவள். அந்த ஒரு கணக்கை மட்டும் அவளும் போடவில்லை, அவளுக்குப் போட்டுக் காட்டவும் யாரும் இல்லை.

தொழுவத்துக்கு வந்த பார்வதியம்மாள் மகள் மடியிலிருந்த கறுப்பு மூலைத் தாளைப் பார்த்துவிட்டாள்.

“மறுபடியும் அந்தப் பீடைப் பாடமா?”

பிரம்மநாயகி ஆமாம் என்று தலையை மட்டும் ஆட்டினாள்.

“அப்பா பேரு இல்லியே?”

“இல்லம்மா.”

“விடிஞ்சதும் உங்க வாத்தியாருட்ட குடுத்துத் தொலை. வீட்டுக்குள்ள கொண்டாராத, இங்கனயே கூரையில சொருகி வை.”

மறுநாள் அதைத்தான் செய்தாள். மற்ற பிள்ளைகளின் தாள்களோடு தாளாக வைத்துவிட்டாள். வாத்தியார் வாங்கிக்கொண்டால் அது பாடம். பாடம் என்றால் யாரும் சாகவில்லை. அவள் நினைப்பு அப்படி ஓடியது. பாவம், அதுக்கு வேறு என்ன தெரியும்?

தேவசிகாமணி வாத்தியார் முதல் வரியைப் பார்த்ததுமே நிமிர்ந்தார். பெரிய ஆள் கையெழுத்து.

“இங்க வா. யாரு எழுதித் தந்தா?”

அவள் தாளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“எனக்குக் களவும் பிடிக்காது, பொய்யும் பிடிக்காது. யாரு எழுதித் தந்தா, சொல்லு!”

பிரம்பு உள்ளங்கையில் மூன்று முறை இறங்கியது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அடி வாங்குகிற வரைக்கும் அது பாடந்தானே. நாலாவதாக ஓங்கியவர், என்னதான் எழுதியிருக்கிறது என்று தாளை முழுவதும் வாசித்தார். கொழும்பு என்றிருந்தது. பெட்டி, கப்பல் என்றெல்லாம் இருந்தது. பிரம்பு கீழே விழுந்ததுகூடத் தெரியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். வகுப்பு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவளோடு நடந்தார். சொல்லிவிடுவது என்றுதான் புறப்பட்டார். வழி நெடுக வேத வசனங்களை மனசுக்குள் எடுப்பதும் வைப்பதுமாக வந்தார். வீங்கிய கையை அவள் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு வந்தாள்.

பார்வதியம்மாள் கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். நெற்றியில் குங்குமம், தலையில் பிச்சிப்பூ.

“வாங்க வாத்தியாரையா. பிள்ள ஏதும் சேட்ட பண்ணிட்டாளா? அந்தக் கறுப்புக் கடுதாசியத்தான் இன்னிக்குக் குடுத்துட்டாளே?”

அவர் பிரம்மநாயகியைப் பார்த்தார். அவள் அவருடைய சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“குடுத்துட்டாம்மா. நல்லா... நல்லா எழுதியிருக்கா. அத சொல்லிட்டுப் போகலாம்னுதான் வந்தேன்.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். நாளைக்கு ஊர்ப் பெரியவர்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்து சொல்லலாம் என்று தனக்குத்தானே சமாதானம். மூன்று அடி அடிக்க இருந்த தைரியம் மூன்று வார்த்தை சொல்ல இல்லாமல் போயிற்று. கோழைதான். ஆனால் அந்தக் குங்குமத்தைப் பார்த்துவிட்டு எத்தனை பேருக்கு வாய் வரும்?

பார்வதியம்மாளுக்குப் பெருமை தாங்கவில்லை. மகள் தலையைத் தடவி, “வாத்தியாரே வீடு தேடி வந்து சொல்லிட்டுப் போறாரே! கடுதாசிய எடுட்டி, உங்கப்பாவுக்கு எழுதுவோம்” என்றாள்.

பிரம்மநாயகி தாளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பேனாவைப் பிடிக்க விரல் மடங்கவில்லை.

“நாங்க எல்லாரும் சுகம், உங்க சுகத்துக்கு எழுதவும்னு போடு. பிள்ளைய வாத்தியார் வீட்டுக்கு வந்து மெச்சிட்டுப் போனாருன்னு எழுது. தீவாளிக்கு லீவு கேட்டுக் கட்டாயம் வந்துரணும்னு எழுது. சின்னப் பசு சினையா இருக்குன்னு எழுது. அவ்வளவுதான், முடி.”

பிள்ளை எழுதினாள். அம்மா சொன்னதை எழுதினாள். பிறகு, ‘அப்பாவுக்குப் பேதி இல்லை’ என்று எழுதினாள். ‘அப்பா ஆஸ்பத்திரியில் இல்லை. அப்பா கடையில் இருக்கிறார். அப்பா சுகமாக இருக்கிறார்’ என்று ஒவ்வொரு எழுத்தாக, ஒரு பிழை வராமல் எழுதினாள். தாளின் அந்தப் பக்கம் முடிந்து, திருப்பிப் போட்டு மறுபக்கமும் எழுதிக்கொண்டிருந்தாள்.

பார்வதியம்மாள் எட்டிப் பார்த்தாள். “நான் சொன்னது நாலு வரிதான? இன்னும் என்னட்டி எழுதுத?”