ஆறு எண்ணுவதற்குள்

கவ்வி வேகமாக மூடிக்கொண்டிருந்தவரை அந்த மரக்கிடங்கில் யாரும் அதற்குள் கை வைத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதை மெதுவாக்கியவன் நான்.

கிடங்கில் இருப்பது ஒரு குட்டி டிராக்டர். முன்னால் பாரம் தூக்கும் லோடர், லோடரின் நுனியில் கட்டைகளை அள்ளிப் பிடிக்கும் இரும்புக் கவ்வி. லீவரைத் தள்ளினால் எண்ணெய் பாய்ந்து படாரென்று மூடும். கட்டைகள் நாலாபக்கமும் சிதறும். திட்டு முழுவதும் ஓட்டுபவனுக்கு. அவனை எல்லோரும் ‘அவசரம்’ என்றுதான் கூப்பிடுவோம். பெற்றவர்கள் வைத்த பெயரை அவனே மறந்திருப்பான். நடக்கச் சொன்னால் ஓடுவான், ஓடச் சொன்னால் விழுவான். ஆனால் கட்டை சிதறியது அவன் குற்றமில்லை, எண்ணெயின் வேகம் அப்படி.

வேகத்தைக் குறைத்துக் கொடு என்று முதலாளி மெக்கானிக்கான என்னிடம் சொன்னார். கவ்வியை மூட எண்ணெய் போகிற ஹோஸில், அந்த ரப்பர் குழாயில், ஒரு சின்ன வால்வைப் பொருத்தினேன். அதன் தலையில் ஒரு திருகு இருக்கும். அதை உள்ளே இறக்க இறக்க எண்ணெய் போகிற வழி குறுகும், கவ்வி மெதுவாகும். எண்ணெய் சூடேறினாலும் வேகம் மாறாத வால்வு வேறு உண்டு. அது வரப் பத்து நாளாகும் என்றார்கள். இது கையில் இருந்தது. எனக்குத் தெரியாததா என்ற திமிரும் இருந்தது.

நல்ல குளிர்காலை. டிராக்டரைக் கிளப்பிய சூட்டோடு சூடாகத் திருகைச் சரிசெய்தேன் என்று சொல்லத்தான் ஆசை. சூடே இல்லை, அதுதான் விஷயம். எண்ணெய் தேன்போலக் கெட்டியாக இருந்தது. பக்கத்தில் நின்று எண்ணியவர் என் தங்கை வீட்டுக்காரர். அந்தக் கிடங்கில் கட்டை அடுக்குவது அவர்தான். கவ்வி மூட ஆறு எண்ணிக்கை பிடித்தது. உள்ளே கோணலாகக் கிடக்கும் கட்டையை அதுவரை அவர் கழியால் தட்டித்தான் நேராக்குவார்.

“ஆறா? அப்ப கையாலேயே தள்ளிட்டு எடுத்துடலாம் மச்சான்” என்றார்.

நான் சிரித்தேன். பதறாத காரியம் சிதறாது என்று பெரிய ஞானி மாதிரி ஒரு பழமொழி வேறு சொன்னேன். வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை.

என் பயமெல்லாம் அவசரத்தின் மேல்தான். கவ்வி ஆமை மாதிரி நகர்கிறதே என்று திருகைத் தளர்த்திவிடுவான். அதனால் திருகின் தலையிலிருந்து வால்வின் உடம்பு வரை ஒரு சிவப்புக் கோடு இழுத்தேன். யார் தொட்டாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுக்கும். அதற்கு மாப்பிள்ளை கொண்டுவந்து தந்தது தங்கையின் நகப்பூச்சு. ‘என் நகத்துக்கே பத்தலை, இதுல டிராக்டருக்கு அலங்காரமா’ என்று அவள் கேட்டாளாம். அன்று அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம்.

ஒன்பது நாள் ஒரு குறையும் இல்லை. லாரி ஒன்றுதான் வரும், வெயில் ஏறுவதற்குள் வேலை முடிந்துவிடும். பத்தாவது நாள் மூன்று லாரி வந்தது. காலையிலிருந்து மத்தியானம் இரண்டு மணி வரை டிராக்டர் நிற்கவே இல்லை. தேனாக இருந்த எண்ணெய் தண்ணீராகிவிட்டது. அதே திருகு, அதே ஓட்டை, ஆனால் இரண்டு மடங்கு ஓட்டம். வேகம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியதால் யாருக்கும் உறைக்கவில்லை. மாப்பிள்ளை மூன்று எண்ணும்போது கவ்வி மூடிவிட்டது.

வலது கையை மணிக்கட்டுக்கு மேலே எடுத்துவிட்டார்கள்.

செய்தி கேட்டு நான் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார்கள். டிராக்டர் அருகே யாரும் இல்லை. குனிந்து பார்த்தேன். சிவப்புக் கோடு முடியளவுகூட விலகாமல் நேராக இருந்தது. ஹோஸைத் தொட்டேன், விரல் சுட்டது. இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பவன், யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. காலை எண்ணெய்க்கு வைத்த அளவு மத்தியான எண்ணெய்க்கு ஆகாது. இதை நானே எத்தனையோ பேருக்கு ஏளனமாகச் சொல்லியிருக்கிறேன்.

அறைக்குள்ளிருந்து முதலாளியின் குரல் கேட்டது. விசாரிக்க வந்திருந்த அதிகாரியிடம், இது நிச்சயம் அவசரத்தின் வேலைதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்து என்னைக் கூப்பிட்டார். நான் கட்டைவிரல் நகத்தால் கோட்டைச் சுரண்டினேன். திருகை அரைச் சுற்று வெளியே எடுத்தேன். தங்கையின் முகத்தில் இனி எப்படி விழிப்பது என்றுதான் அதைச் செய்தேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தங்கையை ஏன் இழுக்க வேண்டும்? மெக்கானிக் தப்புச் செய்துவிட்டான் என்று நாலு பேர் சொல்வதை என்னால் தாங்க முடியாது, அவ்வளவுதான்.

அதிகாரி வந்து பார்த்தார். கோடு உடைந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டார். யாரோ திருகைத் தளர்த்தியிருக்கிறார்கள் என்றேன். யாரோ என்றுதான் சொன்னேன். ஆனால் எல்லோரும் ஒரே ஆளைப் பார்த்தார்கள்.

“நான் தொடலையே” என்றான் அவசரம். அவன் சட்டையெல்லாம் மாப்பிள்ளையின் ரத்தம். கவ்வியைத் திறந்து அவரை லாரி வரை தூக்கிக்கொண்டு ஓடியவனே அவன்தான். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று முதலாளி ஆரம்பித்தார். அவசரம் அவரைக் கவனிக்கவே இல்லை. தன் இரண்டு கைகளையும் விரித்து வைத்துக்கொண்டு பார்த்தான்.

“தொட்ட ஞாபகம் இல்லை. ஆனா மெக்கானிக் அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும். ஏதோ அவசரத்துல பண்ணியிருப்பேன்.”

அப்படியே எழுதி வாங்கிக்கொண்டார்கள். அன்றே வேலை போயிற்று. வழக்கு வரும், ஜெயில்கூட உண்டு என்று பேசிக்கொண்டார்கள். பாவம் ஓரிடம், பழி ஓரிடம். நான் வீட்டுக்குப் போய் மண்ணெண்ணெய் போட்டுக் கை கழுவினேன்.

மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குப் போகத் துணிந்தேன். மாப்பிள்ளை கண் விழித்திருந்தார். வலது கை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைக் கட்டு. தங்கை கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டாள். அந்தக் கேள்விக்குப் பதிலாக அவள் என்னை ஓங்கி ஒரு அறை விட்டிருக்கலாம்.

அவசரத்தை வேலையை விட்டு எடுத்ததை மாப்பிள்ளையிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதைத்தான் முதலில் கேட்டார். திருகைத் தளர்த்திவிட்டானாம் என்று முனகினேன்.

“இல்லை மச்சான். கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் அந்தக் கோட்டைப் பார்ப்பேன். அன்னைக்கும் பார்த்தேன். நேராத்தான் இருந்துச்சு.” கொஞ்சம் மூச்சு வாங்கினார். “நீங்க போட்ட கோடாச்சே, அந்தத் தைரியத்துலதான் கையை விட்டேன்.”

“அப்ப அதை உடைச்சது யாரு?” என்றாள் தங்கை.

என் கை கட்டில் கம்பியின் மேல் இருந்தது. மூன்று நாள் தேய்த்துக் கழுவியும் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கீற்று மிச்சம் இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். கடையில் அவளே பொறுக்கி எடுத்த நிறம்.

நான்தான் என்றேன். எண்ணெய், சூடு, குளிர்காலையில் வைத்த திருகு, கூப்பிட்டதும் சுரண்டிய கோடு, ஒன்றையும் மறைக்கவில்லை. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டார். வார்டில் யாரோ இருமினார்கள். தங்கை அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

“கை போனது உன் கைத்தவறு. அதுக்காக உன்னை ஒரு வார்த்தை கேட்டிருக்க மாட்டேன் அண்ணா” என்றாள். “முதல்ல அவன் வீட்டுக்குப் போ. அப்புறம் அந்த அதிகாரிகிட்டப் போ. ரெண்டும் முடியாம இங்க வராதே.”

எழுந்தேன். மாப்பிள்ளை தண்ணீருக்காக வலது தோளை அசைத்தார், பழக்கதோஷம். டம்ளர் என் பக்கத்தில்தான் இருந்தது. நான் கை நீட்டுவதற்குள் தங்கை கட்டிலைச் சுற்றி வந்து அதை எடுத்துக்கொண்டாள்.